திருமணமாகாதவர் சான்றிதழை ஸ்டான்டஸ்ஆம்டில் கொடுக்காதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 34. தமிழ்நாட்டில் பிறந்தவள், இந்தியக் குடியுரிமை. ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன். 2016-இல் பெற்றோர் பார்த்துவைத்த திருமணம் நடந்தது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்தோம். ஒத்துவராமல், 2020-இல் குடும்ப நல நீதிமன்றத்தில் இருவரும் சேர்ந்து மனு போட்டு விவாகரத்து வாங்கிக்கொண்டோம். இப்போது இங்கே ஒரு ஜெர்மானியரைத் திருமணம் செய்துகொள்ள இருக்கிறேன். இங்குள்ள பதிவு அலுவலகமான ஸ்டான்டஸ்ஆம்டில் ஒரு பட்டியல் கொடுத்தார்கள்: பிறப்புச் சான்றிதழ், முதல் திருமணச் சான்றிதழ், இறுதியான விவாகரத்துத் தீர்ப்பு, சொந்த நாடு தரும் திருமணத் தகுதிச் சான்று. கடைசியாகச் சொன்னது இந்தியாவில் எங்கே கிடைக்கும் என்று தெரியவில்லை. ஊரில் அப்பா ஒரு ஏஜென்ட் மூலம் தாசில்தாரிடம் எனக்குத் ‘திருமணமாகாதவர் சான்றிதழ்’ வாங்கிவிட்டார். அதற்கு அப்போஸ்டில் முத்திரை வாங்கினால் போதும் என்று ஏஜென்ட் பணம் கேட்கிறார். பிறப்புச் சான்றிதழில் என் பெயரே இல்லை. தீர்ப்பில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோடு ஒரு பெயர். லீவு அதிகம் இல்லை. ஊருக்கு வராமல் இதை முடிக்க முடியுமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்தத் திருமணமாகாதவர் சான்றிதழ். அதை ஸ்டான்டஸ்ஆம்டில் கொடுக்காதீர்கள், அப்போஸ்டிலுக்கும் அனுப்பாதீர்கள். தாசில்தாரின் கையெழுத்து உண்மையாகவே இருக்கட்டும். தாளில் உள்ள விஷயம் பொய். விஏஓ, வருவாய் ஆய்வாளர் அறிக்கையின் பேரில் தரப்படும் சான்று அது. உங்கள் முதல் திருமணமோ சார்பதிவாளர் அலுவலகப் பதிவேட்டில் இருக்கிறது. விவாகரத்து ஆனதும் அந்தப் பதிவு நீங்கிவிடாது. இன்றைக்குத் தேடினாலும் கிடைக்கும். ஒரே கோப்பில் ‘இவருக்குத் திருமணமே ஆகவில்லை’ என்று ஒரு தாளும், ‘2020-இல் விவாகரத்து ஆனது’ என்று இன்னொரு தாளும் இருந்தால் அதிகாரி எதைத்தான் நம்புவார்? நல்ல தாள்கள் மீதும் சேர்த்துச் சந்தேகம் வரும். இன்னும் எங்கும் கொடுக்கவில்லை என்பதால் பெரிய சேதம் இல்லை. அப்பாவை அந்தத் தாசில்தாருக்கு, தவறான விவரத்தின் பேரில் வாங்கியது, ரத்து செய்யுங்கள் என்று எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

ஏஜென்ட் கேட்கும் அப்போஸ்டில் பணத்தையும் இப்போது கொடுக்க வேண்டாம். அப்போஸ்டில் என்பது 1961 ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் ஒன்றின் அரசுத் தாளை மற்றொன்று ஏற்பதற்கான முத்திரை. கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்பதைத் தாண்டி, உள்ளே எழுதியிருப்பது சரி என்று அது சொல்வதில்லை. இந்தியாவுக்கு அந்த உடன்படிக்கை 2005 ஜூலை 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் இந்தியா சேர்ந்ததற்கு ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது. அதனால் இந்த இரு நாடுகளுக்கிடையே உடன்படிக்கை செல்லுபடியாகாது. இந்தியத் தாளில் நம் வெளியுறவு அமைச்சகம் ஒட்டித் தரும் அந்த ஸ்டிக்கர் பிரான்சிலோ இத்தாலியிலோ வேலை செய்யும். ஜெர்மனிப் பதிவு அலுவலருக்கு அதனால் சட்டப்படி பயனில்லை. சில ஊர்களில் பழக்கத்தில் ‘அப்போஸ்டில் இருக்கிறதா’ என்று கேட்பார்கள். கேட்டால், எந்தத் தாளுக்கு வேண்டும் என்று எழுத்தில், மின்னஞ்சலிலாவது, வாங்கிக்கொண்டு அதன் பிறகு செலவு செய்யுங்கள்.

சரி, அப்போஸ்டில் இல்லையென்றால் உங்கள் தாள்களை அவர்கள் எப்படி நம்புவார்கள்? நேரில் விசாரித்துத்தான். இந்தியத் தாள்களுக்குச் சான்றொப்பம் போடும் வழக்கத்தை ஜெர்மன் தூதரகங்கள் நிறுத்திவிட்டன. அதற்குப் பதிலாக, ஜெர்மனியில் உள்ள அலுவலகம் கேட்டால், இந்தியாவில் உள்ள ஜெர்மன் தூதரகம் தன் நம்பிக்கைக்குரிய வழக்கறிஞர் ஒருவர் மூலம் தாள்களைச் சரிபார்க்கும். அவர் பிறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போவார், சார்பதிவாளரிடம் போவார், நீதிமன்றத்தில் கோப்பைப் பார்ப்பார், தேவைப்பட்டால் உங்கள் தெருவுக்கும் வருவார். இதை நீங்களே நேரில் போய் விண்ணப்பித்து வாங்க முடியாது; ஸ்டான்டஸ்ஆம்ட் கேட்க வேண்டும். செலவு உங்களுடையது, முன்பணம் கட்டச் சொல்வார்கள். மாதக்கணக்கில் ஆகும். கல்யாண மண்டபத்தை அட்வான்ஸ் கொடுத்துப் பிடித்துவிட்டு இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

இனி, பட்டியலில் உங்களைக் குழப்பிய அந்தத் திருமணத் தகுதிச் சான்று. வெளிநாட்டவர் ஜெர்மனியில் திருமணம் செய்ய, ‘எங்கள் நாட்டுச் சட்டப்படி இவர் மணம் செய்யத் தடையில்லை’ என்று சொந்த நாட்டின் சான்று வேண்டும் என்கிறது ஜெர்மன் சிவில் சட்டம், பிரிவு 1309. அப்படி ஒரு சான்றை இந்தியா தருவதில்லை. யாருக்குத் திருமணம் ஆகியிருக்கிறது, யாருக்கு ஆகவில்லை என்று நாடு முழுவதுக்குமாக ஒரே பதிவேடும் நம்மிடம் இல்லை. ஆகவே அதைத் தேடி அலையாதீர்கள். அதே பிரிவில் விலக்குக்கு வழி இருக்கிறது: ஓபர்லாண்டஸ்கெரிஷ்ட் எனப்படும் மாநில மேல்நீதிமன்றத்தின் தலைவர், உங்கள் தாள்களைப் பார்த்து, அந்தச் சான்றிலிருந்து உங்களுக்கு விலக்கு தருவார். விண்ணப்பம் நீங்கள் நேராக அனுப்புவது அல்ல. ஸ்டான்டஸ்ஆம்ட் வாங்கி, கோப்போடு அனுப்பும். கட்டணம் வருமானத்தைப் பொறுத்தது என்பதால் இருவரின் சம்பளச் சீட்டும் கேட்பார்கள். விலக்கு கிடைத்த நாளிலிருந்து 6 மாதம்தான் அது செல்லும்.

அங்கே என்ன பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் எந்தத் தாள் எதற்கு என்று புரிந்துவிடும். வயது, உறவுமுறைத் தடை போன்றவை உங்கள் விஷயத்தில் பிரச்சினையே இல்லை. இரண்டு கேள்விதான் மிச்சம். 2016 திருமணம் சட்டப்படி முடிந்ததா? அதற்குப் பிறகு நீங்கள் வேறு யாரையும் மணக்கவில்லை என்பதற்கு என்ன ஆதாரம்? முதலாவதுக்கு நீதிமன்றத் தாள். இரண்டாவதுக்கு உங்கள் பிரமாணப் பத்திரமும் பெற்றோர் பிரமாணப் பத்திரமும், அதன் மேல் விசாரணையும்.

நீதிமன்றத் தாளில்தான் பலருக்கும் இடிக்கிறது. வீட்டில் இருப்பது பெரும்பாலும் தீர்ப்பின் ஜெராக்ஸ். உங்களுக்கு வேண்டியது நீதிமன்ற முத்திரையுள்ள சான்றிட்ட நகல். அதிலும் தீர்ப்பு, தீர்ப்பாணை இரண்டும். தீர்ப்பு காரணங்களைச் சொல்லும் நீளமான தாள். ‘இந்தத் தேதியில் மணம் கலைக்கப்படுகிறது’ என்று ஆணையிடும் சிறிய தாள் தீர்ப்பாணை. ஜெர்மன் அதிகாரி முதலில் தேடுவது இந்த இரண்டாவதை. வழக்கை நடத்திய வழக்கறிஞர் பழைய வக்காலத்தின் பேரிலேயே நகல் மனு போடலாம். அவரைப் பிடிக்க முடியவில்லை என்றால் வேறு வழக்கறிஞருக்கு வக்காலத்து அனுப்புங்கள். ஹெச்.எம்.ஓ.பி. எனப்படும் இந்து திருமண மனுவின் எண், ஆண்டு, நீதிமன்றத்தின் பெயர் மூன்றும் இருந்தால் கோப்பை எடுத்துவிடுவார்கள். நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் உங்கள் வழக்குக்கு சிஎன்ஆர் என்ற 16 இலக்கத் தனி அடையாள எண் இருக்கும். அதையும் குறித்துக் கொடுங்கள். பின்னால் தூதரக வழக்கறிஞர் சரிபார்க்க வரும்போது அந்த எண் நாள்கணக்கில் அலைச்சலை மிச்சப்படுத்தும். இரண்டு செட் வாங்குங்கள், ஒன்று போய்த் திரும்பவே மாட்டேன் என்றால் இன்னொன்று கையில் இருக்கும்.

‘இறுதியான’ தீர்ப்பு என்று கேட்டிருக்கிறார்களே, அதில் ஒரு நுணுக்கம். ஜெர்மன் தீர்ப்பில், இனி மேல்முறையீடு கிடையாது என்று தேதியோடு ஒரு முத்திரை விழும். நம் தீர்ப்பில் அப்படி எதுவும் இருக்காது. அதனால் ‘இது முடிந்த தீர்ப்பா, பாதித் தீர்ப்பா’ என்று கோப்பு திரும்பி வரும். உங்கள் விவாகரத்து இந்து திருமணச் சட்டம் பிரிவு 13பி-இன் கீழ் பரஸ்பர சம்மதத்தில் வந்தது. குடும்ப நல நீதிமன்றச் சட்டம் பிரிவு 19(2), இரு தரப்பின் சம்மதத்தோடு வந்த ஆணைக்கு மேல்முறையீடு கிடையாது என்று நேராகவே சொல்கிறது. இந்து திருமணச் சட்டம் பிரிவு 15-இன்படி, மேல்முறையீட்டு உரிமையே இல்லாத ஆணைக்குப் பிறகு மறுமணத்துக்குத் தடையில்லை. இந்த மூன்று பிரிவுகளையும் குறிப்பிட்டு வழக்கறிஞரிடம் அவருடைய லெட்டர்ஹெட்டில் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். கூடவே, மேல்முறையீடோ, ரத்து செய்யக் கோரும் மனுவோ நிலுவையில் இல்லை என்று நீதிமன்ற அலுவலகத்திலிருந்து ஒரு சான்றுக்கும் மனு போடச் சொல்லுங்கள். எல்லா நீதிமன்றத்திலும் உடனே தந்துவிடுவார்கள் என்று சொல்ல மாட்டேன். கிடைத்தால் உங்கள் கோப்பில் மிகவும் கனமான தாள் அதுதான்.

இதே நிலையில் இருக்கும் மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: எதிர்த்து வழக்காடி வந்த விவாகரத்தென்றால் கணக்கு வேறு. இந்து திருமணச் சட்டம் பிரிவு 28-இன்படி மேல்முறையீட்டுக்கு 90 நாள். அது முடியாமல் மறுமணப் பேச்சே எடுக்க வேண்டாம். எதிர்த்தரப்பு வராமலே ஒருதலைப்பட்சமாக வந்த தீர்ப்பு இன்னும் சிக்கல். அவருக்கு நோட்டீஸ் முறையாகப் போய்ச் சேர்ந்ததா என்பதை வெளிநாட்டு அதிகாரி தோண்டிப் பார்ப்பார். நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததற்கான ஆதாரத்தையும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சாயத்தில் பேசி, பத்திரத்தாளில் எழுதிப் பிரிந்ததைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள்.

உங்களுக்கு நல்ல செய்தி ஒன்று. வெளிநாட்டு விவாகரத்தை ஜெர்மனியில் ஏற்க, மாநில நீதி நிர்வாகத்திடம் தனியாக அங்கீகாரம் வாங்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் தீர்ப்பு வந்த நாளில் கணவன், மனைவி இருவரும் அதே நாட்டின் குடிமக்களாக இருந்து, அந்த நாட்டு நீதிமன்றமே தீர்ப்பளித்திருந்தால் அந்தத் தனி அங்கீகாரம் தேவையில்லை. முன்னாள் கணவர் 2020-இல் இந்தியக் குடிமகனாகவே இருந்தாரா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அவர் அதற்குள் அமெரிக்கக் குடியுரிமையோ வேறு எதுவுமோ வாங்கியிருந்தால் நீங்கள் அங்கீகார மனுவும் போட வேண்டிவரும். தீர்ப்பில் அவருடைய குடியுரிமை எழுதியிருக்காது. பழைய பாஸ்போர்ட் நகலோ, வழக்குக் கோப்பில் கொடுத்த அடையாளத் தாளோ இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்து பெயர். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அதுதான் உங்கள் பெயர்; மற்றத் தாள்கள் எல்லாம் அதோடு ஒத்துப்போக வேண்டும். இனிஷியல் என்பது ஜெர்மன் அதிகாரிக்குப் புரியாத விஷயம். ‘கே.’ என்ற எழுத்தும் பாஸ்போர்ட்டின் குடும்பப் பெயர்க் கட்டத்தில் உள்ள அப்பா பெயரும் ஒன்றுதான் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? இதற்காகத் தீர்ப்பைத் திருத்தப் போகாதீர்கள். இனிஷியல் வித்தியாசத்துக்கு, இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிப்பவை என்ற பிரமாணப் பத்திரமும், பெயரும் அப்பா பெயரும் சேர்ந்திருக்கும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும் போதும். ஆனால் தீர்ப்பில் எழுத்தே பிழையாக இருந்தாலோ, திருமணத் தேதி தப்பாக விழுந்திருந்தாலோ விட்டுவிடாதீர்கள். சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 152-இன் கீழ், எழுத்துப் பிழையை அதே நீதிமன்றம் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். நகல் வாங்கும் முன்பே தீர்ப்பாணையை வரிவரியாகப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்: உங்கள் பெயர், அவர் பெயர், இருவரின் தந்தை பெயர், திருமணம் நடந்த இடம், தேதி. திருமணச் சான்றிதழில் ஒரு தேதி, தீர்ப்பில் இன்னொரு தேதி என்று இருப்பது நினைப்பதைவிட அதிகம். பதிவான நாளைத் திருமண நாள் என்று யாரோ டைப் செய்துவிடுவார்கள்.

பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். தகப்பனார் பெயர், தாயார் பெயர், அதற்குக் கீழே துணைவர் பெயர். 2016-க்குப் பிறகு எடுத்த பாஸ்போர்ட் என்றால் முன்னாள் கணவர் பெயர் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். ஸ்டான்டஸ்ஆம்ட் அதிகாரி அந்தப் பக்கத்தையும் பார்ப்பார். இருந்தால், விவாகரத்துத் தீர்ப்பைக் காட்டி ஜெர்மனியிலுள்ள இந்தியத் தூதரகத்திலேயே பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்து அந்தப் பெயரை எடுத்துவிடுங்கள். புது பாஸ்போர்ட்டுக்குப் புது எண் வரும். பிரமாணப் பத்திரங்களில் அந்த எண்தான் போக வேண்டும். எனவே இந்த வேலை முன்னால், பத்திரம் பின்னால்.

அதேபோல, ஜெர்மனியில் முகவரி பதிவு செய்தபோது திருமண நிலை என்ற கட்டத்தில் என்ன சொன்னீர்கள்? வெட்கப்பட்டோ, தாள் கையில் இல்லை என்றோ ‘மணமாகாதவர்’ என்று சொல்லியிருந்தால் அது இன்றும் அந்தப் பதிவேட்டில் இருக்கும். திருமண நிலையோடு கூடிய விரிவான முகவரிப் பதிவுச் சான்றை ஸ்டான்டஸ்ஆம்ட் கேட்கும்போது அது வெளியே வரும். இப்போதே ஒரு நகல் எடுத்துப் பாருங்கள். தப்பாக இருந்தால் தீர்ப்பையும் மொழிபெயர்ப்பையும் கொண்டுபோய் நகர அலுவலகத்தில் ‘விவாகரத்தானவர்’ என்று மாற்றச் சொல்லலாம். விசா விண்ணப்பத்தில் கொடுத்த பதிலும் இதோடு பொருந்துகிறதா என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

பிறப்புச் சான்றிதழில் பெயர் இல்லாதது உங்கள் தலைமுறையில் சாதாரணம். குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே பதிவு முடிந்துவிட்டது. பிறப்பு பதிவான 12 மாதத்துக்குள் இலவசமாகவும், 15 வருடத்துக்குள் தாமதக் கட்டணத்தோடும் பெயர் சேர்க்கலாம் என்பது விதி. அதைக் கடந்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசு பலமுறை காலநீட்டிப்பு கொடுத்திருக்கிறது. பிறப்பு பதிவான மாநகராட்சி, நகராட்சி அல்லது பேரூராட்சி அலுவலகத்தில் இப்போது அந்த வாய்ப்பு இருக்கிறதா என்று அப்பா விசாரிக்கட்டும். இருந்தால் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பாஸ்போர்ட் நகல் ஆகியவற்றோடு விண்ணப்பித்து, பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். கவுன்டரில் உள்ளவர் தமிழ்ப் பெயரைத் தன் போக்கில் ஆங்கிலத்தில் எழுதிவிட்டால் புதிதாக ஒரு முரண்பாட்டை நீங்களே காசு கொடுத்து வாங்கியதாகும். வாய்ப்பு இல்லையென்றால் பெயரில்லாச் சான்றிதழை அப்படியே கொடுங்கள். அதோடு பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பள்ளி மாற்றுச் சான்றிதழ், ‘இந்தப் பதிவில் உள்ள பெண் குழந்தை எங்கள் மகள் இன்னார்தான்’ என்ற பெற்றோர் பிரமாணப் பத்திரம் ஆகியவை வேண்டும். புதிதாக, பழைய தேதி போட்டு ‘ஏற்பாடு செய்து’ தருகிறேன் என்று யாராவது சொன்னால் பக்கத்திலேயே போகாதீர்கள். விசாரணை வழக்கறிஞர் முதலில் போய் நிற்கும் இடமே அந்தப் பதிவேடுதான்.

பிரமாணப் பத்திரத்துக்கு வருவோம். நோட்டரி அலுவலகத்தில் வைத்திருக்கும் நான்கு வரி மாதிரி இதற்கு உதவாது. உங்கள் பத்திரத்தில் இவையெல்லாம் இருக்க வேண்டும்: பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், பிறந்த தேதியும் ஊரும், பாஸ்போர்ட் எண், பெற்றோர் பெயர், 18 வயதிலிருந்து எந்தெந்த ஊரில் எந்தத் தேதி முதல் எதுவரை இருந்தீர்கள் என்ற விவரம், முதல் திருமணம் நடந்த தேதியும் இடமும் பதிவு எண்ணும், விவாகரத்து வழக்கு எண், நீதிமன்றம், தீர்ப்புத் தேதி, அதற்குப் பிறகு இந்தியாவிலோ வேறு எங்குமோ எந்தச் சட்டத்தின் கீழும் சடங்கின்படியும் மறுமணம் செய்யவில்லை என்ற உறுதிமொழி, யாரை மணக்கப்போகிறீர்கள் என்பது. இதை நீங்கள் இந்தியா வந்து கொடுக்கத் தேவையில்லை. ஜெர்மனியில் உள்ள இந்தியத் தூதரகத்தில் அதிகாரி முன்னிலையில் கையெழுத்திடலாம். கையெழுத்துக்கான இடத்தை மட்டும் வெற்றிடமாக விட்டுப் போய் அங்கே கையெழுத்துப் போடுங்கள், வீட்டிலேயே போட்டுக்கொண்டு போகாதீர்கள். அதன் பேரில் தூதரகம் தரும் திருமண நிலைச் சான்றையும் வாங்கிவிடுங்கள். ‘அவர் தந்த பிரமாணப் பத்திரத்தின்படி’ என்றுதான் அதில் எழுதுவார்கள். திருமணத் தகுதிச் சான்றுக்கு அது மாற்றாகாது. இருந்தாலும் கோப்பில் அதைப் பார்க்க விரும்புகிற ஸ்டான்டஸ்ஆம்ட்கள் உண்டு. இந்தச் சான்றுக்குப் பெற்றோரின் பத்திரத்தையும் முன்கூட்டியே கேட்பதுண்டு.

பெற்றோர் பத்திரத்தை ஊரிலேயே நோட்டரி முன் கொடுக்கலாம். அதில் இருக்கும் ஒவ்வொரு தேதியும் உங்கள் பத்திரத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்பதால், வரைவை நீங்கள் எழுதி அனுப்புவதே நல்லது. அப்பா தமிழில் மட்டும் படிப்பவர் என்றால், படித்துக் காட்டிப் புரிந்துகொண்டார் என்ற வரி கடைசியில் இருக்கட்டும்.

இப்போது வீட்டுக்குள் பேச வேண்டிய ஒன்று. விசாரணை வழக்கறிஞர் தெருவில் கேட்டால் பக்கத்து வீட்டு அம்மா என்ன சொல்வார்? ‘அந்தப் பொண்ணா? கல்யாணம் ஆகி எட்டு வருஷம் இருக்குமே’ என்பார். அவர் பொய் சொல்லவில்லை. விவாகரத்து ஆனது அவருக்குத் தெரியாது. பல குடும்பங்களில் அக்கம்பக்கத்துக்குச் சொல்லாமலே வைத்திருப்பார்கள். அந்த ஒரு வரி அறிக்கையில் ஏறிவிட்டால் அதை விளக்கி எழுதி மறுபடி அனுப்புவதற்குள் வாரங்கள் ஓடும். அப்பா, அம்மா இருவரிடமும், ஒருவர் வந்து கேட்பார், முதல் திருமணம், விவாகரத்து எல்லாவற்றையும் மறைக்காமல் தேதியோடு சொல்லுங்கள் என்று சொல்லி வையுங்கள். தீர்ப்பின் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். விசாரணைப் படிவத்தில் விவரம் சொல்லக்கூடிய உறவினர் பெயரும் போன் நம்பரும் கேட்பார்கள். விவாகரத்து தெரிந்த ஆட்களின் பெயரை மட்டும் கொடுங்கள். முகவரியில் பழைய கதவு எண், புதிய கதவு எண் இரண்டும், அருகில் உள்ள அடையாளமும் எழுதுங்கள். வீடு கிடைக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அறிக்கை முழுமையில்லாமல் போவது உண்டு.

வரிசைதான் இந்த வேலையின் உயிர். சீக்கிரம் பழசாகும் தாளை முதலில் வாங்கினால், மற்றத் தாள்கள் வருவதற்குள் அது காலாவதியாகிவிடும். உங்கள் தாள்களில் தீர்ப்பு, தீர்ப்பாணை, திருமணச் சான்றிதழின் சான்றிட்ட நகல் ஆகியவற்றுக்கு வயதாகாது. பெயர் சேர்க்கிற வேலைக்கும் அவசரமில்லாத நாளே நல்லது. இவற்றை முதலில் முடியுங்கள். பிறகு பாஸ்போர்ட் திருத்தம். அது கையில் வந்ததும் மொழிபெயர்ப்பு. ஆங்கிலத் தாளாக இருந்தாலும் பெரும்பாலும் ஜெர்மனில் கேட்பார்கள்; ஜெர்மன் நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர்தான் செய்ய வேண்டும், சென்னையில் செய்த மொழிபெயர்ப்பைத் திருப்பிவிடுவார்கள். அவரிடம் பாஸ்போர்ட் நகலையும் கொடுத்து, பெயர்களை அந்த எழுத்துக்கூட்டலில் போடச் சொல்லுங்கள். முத்திரை, ஓரக்குறிப்பு, பின்பக்கம் எல்லாம் மொழிபெயர்ப்பில் வர வேண்டும். பிரமாணப் பத்திரங்களும் தூதரகச் சான்றும் முகவரிப் பதிவுச் சான்றும் கடைசியில், ஸ்டான்டஸ்ஆம்டில் அப்பாயின்ட்மென்ட் கிடைத்த பிறகு. ‘இன்றைய தேதி வரை மறுமணம் ஆகவில்லை’ என்று சொல்லும் தாள்கள் புதிதாக இருந்தால்தான் மதிப்பு. ஆறு மாதத்துக்கு மேற்பட்டதை அநேகமாக மறுபடி கேட்பார்கள். விசாரணை நீண்டுவிட்டால் உங்கள் பத்திரத்தை மட்டும் புதுப்பிக்க வேண்டி வரலாம், அதற்கு மனதளவில் தயாராக இருங்கள். எல்லாம் சரியாகி, தடையில்லை என்று ஸ்டான்டஸ்ஆம்ட் அறிவித்த பிறகும் 6 மாதத்துக்குள் திருமணம் நடந்தாக வேண்டும்.

ஊருக்கு வர வேண்டுமா என்று கேட்டீர்கள். பெரும்பாலும் வேண்டாம். நகல் மனு வழக்கறிஞர் வேலை; பிறப்புச் சான்றிதழும் சார்பதிவாளர் நகலும் அப்பா வாங்கலாம். எங்காவது அதிகாரப் பத்திரம் கேட்டால், ஜெர்மனியில் இந்தியத் தூதரகச் சான்றொப்பத்தோடு எழுதி அனுப்புங்கள். அந்தத் தாள் இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். மேசை டிராயரில் போட்டு மறந்தால் பயனற்றதாகிவிடும்.

இந்தியத் தூதரகத்திலேயே திருமணத்தை முடித்துவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். 1969 வெளிநாட்டுத் திருமணச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது. ஆனால் மணமக்களில் ஒருவர் ஜெர்மன் குடிமகன் என்றால் ஜெர்மனி மண்ணில் தூதரகத் திருமணத்தை ஜெர்மன் சட்டம் ஏற்பதில்லை. உங்களுக்கு அந்த வாசல் மூடியிருக்கிறது. டென்மார்க்குக்குப் போய்த் திருமணம் செய்துவரும் தம்பதிகள் நிறைய. அங்கே குடும்பச் சட்ட அமைப்பு தாள்களைப் பார்த்து ஒரு சான்று தரும், அது 4 மாதம் செல்லும், பிறகு நகராட்சியில் திருமணம். விலக்கு விண்ணப்பமும் ஊர் விசாரணையும் இல்லாததால் வேகம். ஆனால் விவாகரத்துத் தாள் அங்கேயும் முழுமையாக வேண்டும். தாளில் குறை இருப்பவர்கள் டென்மார்க் போனால் தப்பிக்கலாம் என்று நினைத்துப் போவது தவறு. அந்தக் குறையை ஜெர்மனியின் வெளிநாட்டவர் அலுவலகம் இருப்பிட அனுமதி கேட்கும்போது எடுத்துவைக்கும். உங்கள் தாள்கள் சரியாக இருந்து, நேரம்தான் பிரச்சினை என்றால் யோசிக்கத் தகுந்த வழி.

வேறு நாடுகளில் இருந்து இதைப் படிப்பவர்கள் இந்தப் பட்டியலை அப்படியே பின்பற்ற வேண்டாம். இங்கிலாந்தில் வெளிநாட்டவரிடம் திருமணத் தகுதிச் சான்று கேட்பதில்லை. முந்தைய திருமணம் முடிந்ததற்கான மூலத் தாளும், குறைந்தது 28 நாள் முன்னறிவிப்பும் போதும், அது சிலருக்கு 70 நாளாக நீளும். பிரான்சில் வெளிநாட்டுப் பிறப்புச் சான்றின் நகல் பொதுவாக 6 மாதத்துக்கு உட்பட்டதாக வேண்டும். இத்தாலியில் தூதரகம் தரும் தடையில்லாச் சான்றுதான் முதல் படி. அப்போஸ்டில் உடன்படிக்கையில் இல்லாத ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளுக்கு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அந்த நாட்டுத் தூதரகம், அங்கே போய் அந்த நாட்டு வெளியுறவு அமைச்சகம் என்று படிப்படியாகச் சான்றொப்பம். ஒரு படியைத் தாண்டிப் போனால் மறுபடி முதலிலிருந்து.

நீங்கள் அடுத்து செய்ய வேண்டியது, ஸ்டான்டஸ்ஆம்டுக்கு ஒரு மின்னஞ்சல். இந்தியா திருமணத் தகுதிச் சான்று தருவதில்லை, விலக்கு கோருகிறேன். என் தாள்களுக்குத் தூதரக விசாரணை கேட்பீர்களா. இந்தியத் தாள்களுக்கு எந்த வடிவத்தில் சான்று வேண்டும். எவை ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும் என்று நான்கே வரி. பதில் வந்த பிறகு வழக்கறிஞருக்கு நகல் மனுவுக்குச் சொல்லுங்கள். ஜெர்மன் மொழி உங்களுக்குச் சரளம் இல்லையென்றால் விண்ணப்ப நாளுக்கும் திருமண நாளுக்கும் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளரை இப்போதே பேசி வையுங்கள். மாப்பிள்ளையே மொழிபெயர்த்தால் ஏற்க மாட்டார்கள். திருமணம் முடிந்ததும் சாதாரணச் சான்றிதழோடு பல மொழிகளில் அச்சிட்ட சர்வதேசத் திருமணச் சான்றிதழையும் இரண்டு, மூன்று பிரதி கேட்டு வாங்குங்கள். அதில் ஆங்கிலமும் இருப்பதால், பாஸ்போர்ட்டில் துணைவர் பெயர் சேர்க்கப் போகும் நாளில் இன்னொரு மொழிபெயர்ப்புச் செலவு மிச்சம்.